எடைக்கு எடை வெல்லம்

திருத்தணி

சென்னை மழையில் மூழ்கி ரயிலெல்லாம் அரக்கோணத்தோடு நின்றுபோன வருசம் பிறந்தவன் உன் பிள்ளை வளவன், அவனுக்குப் பத்து முடிந்துவிட்டது. அன்பு மகன் தணிகைமணிக்கு நைனா வாயால் சொல்ல உன் வீட்டுக்காரி கனிமொழி கையால் எழுதுவது. முருகன் தயவில் இங்கே மூன்று பேரும் எழுந்து நடமாடுகிறோம், தோகாவில் நீயும் வேளைக்குத் தூங்கி உடம்பைப் பார்த்துக்கொள்வாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போனில் பேசினால் பிள்ளை பக்கத்திலேயே இருக்கிறான், நீயும் இரண்டு வார்த்தைக்குள் "வுடு நைனா" என்று சிரித்துவிடுவாய். அதனால்தான் லீவு முடிந்து அங்கே திரும்பும் ஜெரால்ட் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வளவனுக்குப் பின்கழுத்தில் கறுப்பாகத் தடித்திருந்தது. அழுக்கு என்று நினைத்து நான்தான் குழாயடியில் உட்காரவைத்து பீர்க்கங்காய் நாரால் தேய்த்தேன், அவன் அழுதும் விடவில்லை. பள்ளிக்கூடத்துக்கு உடம்பு பார்க்க வந்தவர்கள் சொல்லித்தான் போன வாரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டரம்மா பார்த்ததுமே, இது அழுக்கு இல்லை, உடம்பு கனத்து சர்க்கரை நோய்ப் பக்கம் போவதற்கு அடையாளம், இப்போதே பிடித்தால் திருப்பிவிடலாம் என்றார். எடை ஐம்பத்திரண்டு கிலோ. "இன்னாம்மா, கேக்கும்போதெல்லாம் குடுத்துக்கினே இருப்பியா?" என்று கனிமொழியைத்தான் கடிந்துகொண்டார். அவள் தலைகுனிந்து நின்றாள், மாமாதான் கொடுத்தார் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் பெஞ்சில் உட்கார்ந்து மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதைச் சொன்னதும் பேனாவை வைத்துவிட்டு, "அதெல்லாம் எதுக்கு மாமா, வுடுங்க" என்கிறாள். எழுது என்று சொல்லிவிட்டேன்.

குறைமாதத்தில் கோழிக்குஞ்சாட்டம் பிறந்தவன் பிழைத்தால் வருசா வருசம் ஆடிக் கிருத்திகைக்குத் துலாபாரம் போட்டு எடைக்கு எடை வெல்லம் தருவதாகப் பெரியவர்கள் நாலு பேரும் வேண்டிக்கொண்டோம். வேண்டுதல் நல்லதுதான், அதைக் கெடுத்தவன் நான். ஆனி பிறந்துவிட்டால் எனக்குக் கை நிற்காது. இவள் அளவாகப் போட்டதை அவன் சாப்பிட்டு முடித்ததும் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போவேன், போண்டா, பால்கோவா, வீட்டு வாசலுக்கு வருமுன் வாயைத் துடைத்துவிடுவேன். தராசில் அவன் தட்டு தாழவேண்டும், "இன்னா நைனா, இந்த வருசம் எவ்ளோ நிக்கிது?" என்று நீ கேட்கும்போது போன வருசத்தைவிடக் கூடுதலாகச் சொல்லவேண்டும், எனக்கு அதுதான் பெருமை. ஒவ்வொரு வருசத்து எடையும் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம், அவன் எப்போது ஓடி விளையாடுவதை நிறுத்தினான் என்று கேட்டால் தெரியவில்லை. இந்த ஆடியில் அவன் தட்டில் ஏறமாட்டேன் என்று தூணைக் கட்டிக்கொண்டான், நான்தான் இழுத்து உட்காரவைத்தேன். வரிசையில் நின்ற ஒரு பையன், "டேய், அடுத்த ஆளுக்கு வெல்லம் மிஞ்சுமாடா?" என்று கத்தினான், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், போனில் நீயும் கைதட்டினாய். வளவன் மட்டும் சட்டையை வயிற்றைவிட்டு இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான்.

அப்பா எங்கே என்று டாக்டரம்மா கேட்டார். வெளிநாடு என்றோம். தினமும் பேசுவாரா, என்ன பேசுவார் என்று பிள்ளையையே கேட்டார். "இன்னா சாப்ட்டனு கேப்பாரு, இன்னா வேணும்னு கேப்பாரு, பிரியாணி போட்டு வுடட்டானு கேப்பாரு" என்றான், என்னோடு கடைத்தெருவுக்குப் போவதையும் சொல்லிவிட்டான். நீ அங்கே போனை அமுக்கினால் இங்கே வாசலில் பிரியாணி வந்து நிற்பதை ஊரெல்லாம் சொல்லிச் சந்தோசப்பட்டவன்தான் நானும். வீட்டு ஆம்பளைகள் இப்படி ஒருபக்கம் ஊட்டிக்கொண்டே இருந்தால் அம்மா ஒருத்தி என்ன செய்வாள், அடுத்த தடவை அப்பாவும் வீடியோவில் வரவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உன்மேல் குற்றம் சொல்லவில்லை ராஜா, தின்ன வாங்கிக் கொடுப்பதோடு அப்பன் வேலை முடிந்தது என்று நீ என்னைப் பார்த்துத்தானே கற்றாய்.

இப்போது சாயங்காலத்தில் அவனும் நானும் சரவணப் பொய்கை வரை நடக்கிறோம், கடைத்தெரு வழியாகப் போவதில்லை. பாதியில் என் முட்டி மடக்கிக்கொள்கிறது, எனக்காக அவனும் நின்று நின்று வருகிறான், அந்த நடை அவனுக்குப் போதாது. வெள்ளிக்கிழமை உனக்கு லீவுதானே, அன்றைக்காவது அந்த நேரத்தில் கூப்பிடு, நீயும் அங்கே நடந்துகொண்டே பேசு, சாப்பாட்டை விட்டு வேறு எதை வேண்டுமானாலும் கேள். நேற்று அவனாகவே, "தாத்தா, அப்பாக்கும் தொப்பை கீதுல்ல, அவரும் நடப்பாரா?" என்றான். அதற்கு நீதான் பதில் சொல்லவேண்டும்.

வரும் ஆடிக்கு அவனைத் தட்டில் ஏற்றப்போவதில்லை. வேண்டுதலை நிறுத்தினால் சாமி குத்தமாகிவிடுமோ என்று கனிமொழி பயப்படுகிறாள், நீயும் பயப்படுவாய். தீர்க்காயுசோடு நீ நன்றாக இருக்கவேண்டும், உன் பிள்ளை உன் தோளுக்குமேல் வளரவேண்டும், அந்த முருகன் பார்த்துக்கொள்வான். தை பிறந்து வரும் முதல் திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், போனைக் கையிலேயே வைத்திரு, மறக்காதே. குத்தம் என்று ஒன்று வந்தால் பிள்ளைமேல் வராது, வேண்டிக்கொண்டவர்கள்மேல்தான் வரும். அன்றைக்குக் கைகூப்பி நின்றவர்களில் உன் அம்மா போய்விட்டாள், அவள் தம்பி பங்காரு போய்விட்டான், என் அண்ணன் ஆறுமுகமும் போன ஐப்பசியில் போய்ச் சேர்ந்தார். மிச்சம் இருப்பது, இதற்குக் கீழே பெருவிரல் ரேகை வைத்திருக்கும் உன் நைனா

வீராசாமி