கவிழ்த்துப் பார்த்த சோபா

ஜூன் 4, புதன்

உட்கார்ந்து பார்த்தால் எல்லா சோபாவும் நல்ல சோபாதான். கவிழ்த்துப் பார்க்க வேண்டும். எதைப் பார்த்து வாங்குவாய் என்று அம்மா கேட்டதற்கு இதைத்தான் சொன்னேன். பாலிடெக்னிக்கை விட்டுவிட்டுப் பத்து மாதம் சோபா கடையில் கிடந்தேன். எனக்கு உருப்படியாகத் தெரிந்தது இது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஓவியா அக்காவைப் பெண் பார்க்க விருதுநகரிலிருந்து வருகிறார்கள். மாப்பிள்ளை மணிகண்டராஜுக்குப் பருப்பு மில்லில் வேலை. அவனை வளர்த்த அத்தையின் புருஷன் வெடி விபத்தில் போனவர். அதனால் அக்கா இனி பட்டாசு கம்பெனிக்குப் போகக்கூடாது என்பது அவர்கள் கண்டிஷன். அதற்காகவே இது முடிய வேண்டும்.

போன தடவை வந்தவர் பிளாஸ்டிக் சேரின் கால் விரிந்து தரையில் கிடந்தார். அக்கா சிரித்துவிட்டாள். அதோடு போச்சு. அதான் சோபா.

ஜூன் 5

சாத்தூர், பழைய சாமான் கடை. முதல் சோபாவின் அடித்துணியை விலக்கினால் பஞ்சுக்குப் பதில் அச்சாபீஸ் வெட்டுக் காகிதம். போன வருஷ காலண்டர். இரண்டாவதில் ஒரு முன்காலைத் தூக்கினேன், அடுத்த கால் எழும்பவே இல்லை. சட்டம் வளைகிறது. மூன்றாவது தேக்கு. இரண்டு காலும் சேர்ந்து எழுந்தன. ஸ்பிரிங் சத்தமில்லை. வலது கைப்பிடியில் ஒரு பட்டன் மட்டும் இல்லை. அதைச் சொல்லியே விலையைக் குறைத்தேன்.

"கம்பெனி முதலாளி வீட்டுச் சாமான்லே. வீட்டக் காலி பண்ணிட்டுப் போயிட்டாக" என்றார் கடைக்காரர்.

ஜூன் 7

அம்மா உட்காரமாட்டேன் என்கிறாள். வேலைக்குப் போய்வந்த சேலையில் பட்டாசு மருந்துத்தூள் இருக்கிறதாம், ஒட்டிக்கொள்ளுமாம். அக்கா மட்டும் உட்கார்ந்து, "எம்புட்டு மெத்துனு இருக்குலே" என்றாள்.

ஜூன் 8, ஞாயிறு

முடிஞ்சுபோச்சு.

"முதலாளி வீட்டு சோபா அத்தை, உக்காருங்க"ன்னு நான்தான் சொன்னேன். வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.

அத்தை பெயர் கற்பகம். உட்கார்ந்து கைப்பிடியைத் தடவினார். பட்டன் இல்லாத குழியில் விரல் நின்றது.

"எந்த முதலாளி, தம்பி?"

தெரியாது என்றேன்.

"எனக்குத் தெரியும். எங்க வீட்டு ஆளு செத்த பத்தாம் நாளு, இதுல உக்கார வச்சுத்தான் கேஸு வேண்டாம்னு பேசுனாக. பேசி முடிக்கிறதுக்குள்ள பட்டன் என் கையோட வந்துருச்சு. வீட்டுல டப்பாவுல கெடக்கு."

அம்மா, "பய தெரியாம வாங்கிட்டான் மதினி" என்றாள்.

"அவன் மேல குத்தமில்ல. இந்த வீட்டுக்கு வாரப்பல்லாம் இந்த நெனப்புத்தான் வரும்."

காபியைத் தொடாமல் எழுந்தார். தூக்கி வீசிர்றேன் அத்தைன்னு வாசல் வரை கெஞ்சினேன். மணிகண்டராஜ் என் முகத்தைப் பார்க்காமல் செருப்பைத் தேடினான்.

சட்டம் பார்த்தேன், ஸ்பிரிங் பார்த்தேன். யார் உட்கார்ந்து எழுந்ததுன்னு எதைக் கவிழ்த்துப் பார்க்க?

ஜூன் 11

தரகர் வந்தார். வேண்டாமாம்.

ஜூன் 16, திங்கள்

அக்கா வேலைக்குக் கிளம்பினாள். டிபன் பாக்ஸைப் பிடுங்கிக்கொண்டேன். அவள் இடத்துக்கு நான் வருவதாக நேற்றே போர்மேனிடம் சொல்லியாச்சு.

"செத்தாலும் கம்பெனிப் பக்கம் போகமாட்டேன்னியேலே" என்றாள்.

சொன்னேன்தான்.

சோபா மேல் அரிசி மூட்டை கிடக்கிறது. கொஞ்சம்கூட அமுங்கவில்லை. நல்ல சோபா.

புதுப்பட்டி கம்பெனி வேன்காரன் ஹாரன் அடிக்கிறான். நான் போகணும்.