மாமியின் இடக்கை ஆட்டம்

14 செப்டெம்பர் 2025, சுருவில்

மகள் லோஜனா இன்றைக்கும் இடக்கையைத்தான் சோற்றுக்குள் வைத்தாள். எடுத்துவிட்டேன், திரும்ப வைத்தாள். பக்கத்து வீட்டு றஞ்சனி அக்கா பார்த்துக்கொண்டு நின்றார். "இப்பவே திருத்தும், கம்சிகா. நாளைக்குக் கோயிலிலை திருநீறும் அந்தக் கையாலையோ வாங்கப்போறாள்?"

விஜயதசமிக்கு ஏடு தொடக்கி முதல் எழுத்து எழுதவைக்கவேண்டும். இடக்கை நோயில்லை என்று படித்த எனக்குத் தெரியும். ஆனால் நாலு பேர் பார்க்கும்போது - வளர்ப்பில் நான் என்ன பிழை விட்டேன்?

17 செப்டெம்பர்

இடக்கைக்குக் கால் சொக்ஸ் ஒன்றை மாட்டிவிட்டேன். சொக்ஸோடேயே சாப்பிட்டாள்.

21 செப்டெம்பர்

ஞாயிறு. என் கணவர் நிமலன் ரீவியில் ரெனிஸ் போட, அவருடைய அம்மாவுக்கு உசார் வந்துவிட்டது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்கிற கதைதான். மாமியின் அப்பா குருநாகலில் புகையிலைக் கடை வைத்திருந்த காலம். எழுபத்திரண்டில் மாமி கொழும்பில் பெண்கள் சம்பியன். மரச்சட்ட றாக்கெட், முழங்காலுக்குக் கீழே வெள்ளைப் பாவாடை. இன்றைக்குப் புதிதாக ஒன்று சொன்னார்.

"பைனல் அண்டைக்கு எல்லாருக்கும் மத்தியானச் சாப்பாடு. என்னோடை ஆடப்போற கொழும்புப் பெட்டை முன்னாலை இருந்தவள். கடைக்காரன்ரை மோள் எண்டு என்ரை ஆட்டம் ஒண்டையும் வந்து பாக்கேல்லை. நான் வலக்கையாலை குழைச்சுச் சாப்பிட்டதைப் பாத்து வலக்கைக்காரி எண்டு நினைச்சிட்டாள். பின்னேரம் இடக்கையிலை றாக்கெட்டைப் பிடிச்சன். பாவம், முதல் செற் முடியிறவரைக்கும் பந்து எந்தப் பக்கம் திரும்புதெண்டு அவளுக்கு விளங்கேல்லை!"

"அது கள்ள விளையாட்டம்மா," என்றார் நிமலன்.

"போடா! சோறு தின்னுறது கள்ளமோ?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாமி இடக்கையா?

"அப்ப ஏன் மாமி வலக்கையாலை சாப்பிடுறீங்கள்?"

"அடிச்சுத் திருத்தினவை, பிள்ளை. சாப்பாடு, எழுத்து எல்லாம். ரெனிஸ்தான் தப்பினது. அவைக்கு ரெனிஸ் தெரியாது."

24 செப்டெம்பர்

சொக்ஸைக் கழற்றிவிட்டேன். வெக்கை என்று எனக்கே ஒரு சாட்டு.

28 செப்டெம்பர்

ஏடு எந்தக் கையால் என்று மாமியிடம் கேட்டேன்.

"உம்மடை பிள்ளை, நீர் பாரும். எனக்கு இண்டுவரைக்கும் கையெழுத்து வடிவில்லை. அதுதான் எனக்குத் தெரியும்."

நிமலனும் "உம்மடை விருப்பம்" என்கிறார். எல்லாரும் என்ரை தலையிலை போட்டிட்டினம். நித்திரை வரவில்லை.

2 ஒக்டோபர், விஜயதசமி

கோயில் நிறையச் சனம். ஐயர் லோஜனாவை மடியில் வைத்து, தாம்பாளத்து அரிசிக்கு மேல் வலக்கையைப் பிடித்தார். அவள் இழுத்தாள். முகம் சுருங்கிவிட்டது.

"ஐயா, மற்றக் கை."

நானா சொன்னேன்? பின்னால் யாரோ செருமினார்கள்.

"வழக்கமில்லையே, பிள்ளை."

"தெரியும், ஐயா."

ஐயர் வலக்கையை விட்டார். "சரி. சரஸ்வதிக்கு நாலு கை. அவ கோவிக்கமாட்டா."

இடக்கையால் அகரம் எழுதினாள். பெரிய சுழி, விரல் தாம்பாளத்துக்கு வெளியே போய் அரிசி சிந்தியது.

"அவுட்!" என்றார் மாமி, கோயில் முழுக்கக் கேட்க. ஐயரே சிரித்துவிட்டார்.

12 ஒக்டோபர்

மதியம் கணவாய்க் கறி. லோஜனா இரண்டாம் தரமும் சோறு கேட்டாள். எந்தக் கையால் சாப்பிட்டாள் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன் - ஞாபகம் வரவில்லை.