ஒற்றைச் சுரைக்காயும் என் வாயும்

செப்டம்பர் 7, ஞாயிறு

இதை யாரிடமும் சொன்னதில்லை. பாடகர் குழுவில் சேர்ந்ததிலிருந்து நான் பாடியதே கிடையாது. வாயை மட்டும் அசைப்பேன். முன்வரிசை, ஃபேனுக்கு நேர் கீழே இடம் – விடுவேனா? இன்று புதிய குழுத்தலைவர் ஒவ்வொருவரையும் தனியாகப் பாடச் சொன்னார். நான் ஆரம்பித்ததும் ஆர்கன் வாசிக்கிற தம்பி கையை எடுத்துவிட்டான்.

"அக்கா, நீங்க சபையோட உட்கார்ந்து பாடுங்களேன்" என்றார் தலைவர். மரியாதையாகத்தான்.

சிரித்துக்கொண்டே இறங்கினேன். வீட்டுக்கு வந்ததும் சிரிப்பைக் காணோம்.

செப்டம்பர் 8

ஆளாளுக்கு ஒரு வரம் உண்டு, அதைச் சபைக்குக் கொடுங்கள் என்று நேற்று கோயிலில் போதகர் ஐயர் பிரசங்கித்தார். எல்லோருக்குமா? அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்குமா? இதே நினைப்பில், விற்கிற இட்லி மாவுக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். இனி அதை யார் வாங்குவார்கள்?

வீட்டுக்காரர் ஹார்பரில் லாரியை விட்டுவிட்டு வந்ததும் கேட்டேன்.

"ஏளா, நீ வாயை மூடிட்டு இருந்தாலே சபைக்குப் பெரிய ஊழியம்லா."

மற்ற நாளென்றால் திருப்பிக் கொடுத்திருப்பேன். இன்று அந்த உப்பு மாவிலேயே இட்லி ஊற்றி வைத்தேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஓய்வுநாள் பள்ளியில் கதை சொல்லப் போனேன். யோனாவை மீன் கக்கியதை நடித்துக் காட்டினேன். பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். பக்கத்து அறையில் ஜெபம் நடந்ததாம். அங்கேயும் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

செப்டம்பர் 17

பூ அலங்காரம். தும்மல். அதுவும் போச்சு.

செப்டம்பர் 20

அடுத்த வாரம் அறுப்பின் பண்டிகை. வீட்டில் விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டு வருவார்கள். எல்லோருக்கும் ஒரு வேலை. "நீ சும்மா உட்காரு ஜெயபாய்" என்கிறார் ஐயரம்மா. சும்மா எப்படி உட்கார? இருப்புக்கொள்ளவில்லை. ஆண்டவரே, என்னைச் செய்தபோது உம் கையில் எதுவுமே மிச்சம் இல்லையா?

செப்டம்பர் 28, ஞாயிறு

ஆராதனை முடிந்து காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டார்கள். வருஷா வருஷம் தேவமணி அண்ணாச்சிதான் கூப்பிடுவார். வாழைத்தாரும் சேவலும் போட்டி போட்டுப் போயின. அப்புறம் தங்கபுஷ்பம் மைனியின் சுரைக்காய். மைனி உப்பளத்துக்கு வேலைக்குப் போகிறவள். அந்த உவர்மண்ணில் தொட்டி வைத்து, காய்த்த ஒரே காய். கோணல். யாரும் கேட்கவில்லை.

"சரி, சமையலுக்குப் போகட்டும்" என்று அண்ணாச்சி ஒதுக்கி வைத்தார். மைனி முந்தானையைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

எப்போது எழுந்தேன், எப்போது காயைத் தூக்கினேன் – தெரியாது.

"ராஜமணி அண்ணாச்சி, கடையில தராசைத் தட்டுத கை இங்கன மட்டும் ஏன் மடியில கிடக்கு?"

சபையே சிரித்தது. அவர் கையைத் தூக்கினார்.

"ஏலே சாமுவேல், உன் மூக்கைப் பார்த்தா இது நேராத்தான இருக்கு! சொந்தக்காரனை விட்டுருவியா?"

ஆட்டோ சாமுவேல் மூக்கைத் தடவிக்கொண்டே கூட்டிக் கேட்டான். ராஜமணி அண்ணாச்சி விடவில்லை. சேவலைத் தாண்டிப் போனது சுரைக்காய். மைனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

தேவமணி அண்ணாச்சி மைக்கை என்னிடம் நீட்டினார். "மிச்சத்தையும் நீயே கூப்பிடு தாயி."

மேசை காலியாகும்வரை கூப்பிட்டேன்.

செப்டம்பர் 29

அடுத்த வருஷமும் நான்தான் ஏலம் கூப்பிட வேண்டுமாம்.

நேற்று மேசையிலிருந்து நான் ஏலம் விட்ட ஹெல்மெட் காணிக்கை இல்லையாம். அங்கி மாற்ற உள்ளே போகும்போது ஐயர் வைத்துவிட்டுப் போனதாம். ஏலத்தில் எடுத்தவன் சாமுவேல். தலைக்குச் சரியாக இருக்கிறது என்கிறான். ஐயர் இன்று சாயர்புரத்துக்கு பஸ்ஸில் போனார்.