விடுலே, ஒண்ணுமில்ல

உன் பதினாறாம் நாள் சாப்பாடு முடிந்து கிளம்பும்போது உன் வீட்டுக்காரி ஒரு நோட்டைக் கொண்டுவந்து தந்தாள். "இத ஒங்ககிட்டக் குடுக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாவ அண்ணாச்சி." அட்டையில் இன்னும் அரிதார வாசனை. தென்காசியில் நாம் போட்ட நாடகத்தில் நீ பேசிய மந்திரி வசனம் முழுக்க அதில் இருக்கிறது. அந்த மந்திரியை நம்பிச் சொந்தத் தம்பியையே வெட்டச் சொல்லும் ராஜா, நான்.

ஐம்பத்து நாலாம் வருஷச் சாரலில் குற்றாலத்து அருவிக்கரையில் ஒத்திகை பார்த்தோம். இரைச்சலை மீறி நான் தொண்டை கிழியக் கத்தினேன். நீ குரலைத் தாழ்த்தினாய். "கத்தினா எவம்லே நம்புவான்? மெதுவாச் சொல்லு. அவனே பக்கத்துல வருவான்." நானும் வந்தேன், காதைக் கொடுத்துக்கொண்டு.

மந்திரிக்கு நாடும் வேண்டாம், நகையும் வேண்டாம். பிறகு எதற்கு இவ்வளவும் செய்கிறான் என்று கேட்டேன். "ராஜா சந்தோசமா இருக்காம்லா. அதப் பாத்துக்கிட்டு இருக்க முடியல. அவ்வளவுதாம்லே." கெட்டிக்காரன் என்று உன் தோளில் தட்டினேன், மண்டு நான்.

அப்போது எனக்கு மேலகரத்தில் பெண் பேசி முடித்திருந்தது. அந்தச் சந்தோஷத்தை உன்னிடம் மட்டும் நூறு தடவை சொல்லியிருப்பேன். ஒரு மாலை வந்தாய். "ஒனக்குப் பேசின பொண்ண அருவிக்கரையில பாத்தேன். கூட ஒருத்தர்..." என்று தொடங்கி, "விடுலே, ஒண்ணுமில்ல" என்று நிறுத்திக்கொண்டாய். மீதிக் கதையை ஒரு வாரம் நானே கட்டினேன். சம்பந்தம் வேண்டாம் என்று ஆள் அனுப்பினேன்.

கூட இருந்தவர் அவளுடைய அண்ணன். நாலு வருஷம் கழித்து, கடையநல்லூர் பஸ்ஸில் அவரே சொன்னார். அன்று அருவிக்கரையில், இவள் என் தங்கை என்று உன்னிடம் காட்டிப் பேசினாராம். நீயும் அவரோடு டீ குடித்தாயாம். அதற்குள் அவள் வேறு ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள்.

நேரே உன் வீட்டுக்கு வந்தேன். உன் முகம்கூட மாறவில்லை. "நான் என்னலே சொன்னேன்? ஒண்ணுமில்லன்னுதான சொன்னேன்." கடைசிக் காட்சியில் மந்திரியும் ராஜாவிடம் இதையேதான் சொல்வான். அன்றோடு உன்னிடம் பேசுவதை விட்டேன். உன் சாவுக்கு அழுதேன், அது எனக்கே பிடிக்கவில்லை.

நேற்று நோட்டைப் புரட்டினேன். மந்திரி தயங்கும் இடத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறாய்: "இங்கே நிறுத்து. மீதியை அவனே நினைத்துக்கொள்வான்."

இப்போது யாராவது என்னிடம் ஒன்றுமில்லை என்று பேச்சை நிறுத்தினால் நான் விடுவதில்லை. யார், எங்கே, முழுதாகச் சொல் என்று பிடித்துக்கொள்கிறேன். அவளுக்காக அன்று உன்னிடம், கூட இருந்தது யார் என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லையே.