டேப் ஒட்டாத ஞாயிறு

ஆகஸ்ட் 25, ஞாயிறு

ஊர்க் கண்காட்சிக்கான மரக் கடிகாரத்தின் கீழ்ப் பலகையும் முடிந்தது. மேலே காற்றாலையும் இரண்டு கறுப்புக் கக்காட்டூ கிளிகளும், கீழே கோதுமைக் கதிர்கள். இரண்டு பலகையும் சேர்த்து நூற்று எண்பத்தேழு துளைகள். ஒவ்வொரு துளைக்கும் மின்ரம்பத்தின் நூல் போன்ற பிளேடைக் கழற்றி, உள்ளே நுழைத்து, மறுபடி மாட்டி, இழுத்துக் கட்ட வேண்டும். விரல்நுனி மரத்துப்போய்விட்டது.

ஒரு தப்பு செய்தேன். காலையில் படத்தை ஒட்ட உட்கார்ந்தால் டேப் உருளையில் அட்டைதான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை, கடை கிடையாது. நாளைவரை பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை. இடையில் டேப் இருந்தால்தான் மரம் கருகாது; அது இல்லாமல் படத்தை நேராக மரத்தின்மேலேயே பசை போட்டு ஒட்டி வெட்டினேன். பிளேடும் பாக்கெட்டில் கடைசி, போன வாரமே தூக்கி எறிந்திருக்க வேண்டியது. ஜாரா மரம் இரும்பு மாதிரி. வளைவுகளில் புகை வந்தது. தோட்டத்திலிருந்து என் வீட்டுக்காரர் கிளாரி குரல் கொடுத்தார்: "வெர்னா, ரொட்டி கருகுதா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷத்தில் ரொட்டியைக் கருக்கியதில்லை. அவர் நம்பினாரா என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 26, திங்கள்

டேப் வாங்கினேன். இப்போது வாங்கி என்ன பிரயோஜனம்.

ஆகஸ்ட் 29, வியாழன்

ஷெட் நாள், ஊர்க் கிழவர்கள் கூடி மரவேலை செய்கிற கொட்டகை. பெயர்ப் பலகையில் இன்னமும் 'ஆண்கள் ஷெட்' என்றுதான் இருக்கிறது. வியாழக்கிழமை பெண்களும் வரலாம் என்று ஆறு வருஷத்துக்கு முன் தீர்மானம் போட்டார்கள். வருகிற பெண் நான் ஒருத்திதான். பஞ்சாயத்துக்கு முப்பது வருஷம் கிரேடர் வண்டி ஓட்டி ரோடு போட்டவள். ஒன்பது கிழவர்கள் முறைத்தால் ஓடிவிடுவேனா?

டூகல் வழக்கம்போல மூன்று பிளேடு உடைத்தான். ஒவ்வொன்றும் துப்பாக்கி மாதிரி 'டப்' என்கிறது, ஒவ்வொரு தடவையும் யாராவது டீயைக் கொட்டுகிறார்கள். நாற்பது வருஷம் ஆட்டுக்கு மயிர் கத்தரித்தவன், மரத்தையும் காலுக்கிடையில் அமுக்கிப் பிடிக்கப் பார்க்கிறான். "தள்ளாதே டூகல், அது தானா வரும்," என்றேன். "வீட்ட விட்டுப் போறப்ப என் பெண்டாட்டியும் இதையேதான் சொன்னா, அவ வரவே இல்ல," என்றான்.

அங்கே ரம்ப வேலை சொல்லித்தருவது நான்தான்; சுவரில் மாட்டிய என் விதிகளைக் காட்டினேன். முதல் விதி: டேப் ஒட்டாமல் வெட்டாதே. இரண்டாவது: தள்ள வேண்டியிருக்கிறது என்றால் பிளேடு செத்துவிட்டது, தூக்கி எறி; கஞ்சத்தனம் வேண்டாம். மூன்றாவது: பிளேடை நகத்தால் தட்டிப் பார், கிடார்க் கம்பி மாதிரி சத்தம் வர வேண்டும், தொளதொளவென்றால் கோணல்தான் வெட்டும். நான்காவது: நடுவில் இருப்பதை முதலில் வெட்டு, ஓரத்தைக் கடைசியில், இல்லையென்றால் பிடித்துக்கொள்ளவே மரம் இருக்காது. ஐந்தாவது: தும்மல் வந்தால் முதலில் காலை ரம்பத்தை ஓட்டும் மிதியிலிருந்து எடு, பிறகு தும்மு. ஐந்தாவதற்குக் காரணம் நெவில். அவன் வெட்டிய கங்காருவுக்கு இன்றும் மூக்கு கிடையாது.

அதனால்தானோ என்னவோ, நெவில் ரம்பத்தை விட்டுவிட்டு லேசர் இயந்திரத்தோடு குடித்தனம் நடத்துகிறான். ஜூனில் வாங்கியது, ஒளியால் மரத்தை எரித்தே வெட்டும். பொத்தானை அமுக்கிவிட்டு பிஸ்கட் தின்னப் போய்விடலாம். ஷெட் தலைவன் அவன்தான், ஊர்க் கண்காட்சிப் பொறுப்பும் அவன்தான். இந்த வருஷம் லேசருக்குத் தனிப் போட்டிப் பிரிவு வைத்திருக்கிறானாம். வைக்கட்டும்.

செப்டம்பர் 8, ஞாயிறு

உப்புத்தாள் போட்டு, எண்ணெய் பூசி, கடிகாரத்தை நிறுத்திப் பார்த்தேன். கிளிகள் பறக்கின்றன. சொந்தப் பெருமை இல்லை, நிஜமாகவே பறக்கின்றன.

கதிர்களின் உள்விளிம்பு மட்டும் பழுப்பு. தீக்குச்சி அகல இடுக்கில் உப்புத்தாள் நுழையாது. நகத்தில் சுற்றித் தேய்த்தேன், நகம்தான் தேய்ந்தது. தள்ளி நின்று பார்த்தால் நிழல் மாதிரி இருக்கிறது. வேண்டுமென்றே செய்த மாதிரி. சரி, வேண்டுமென்றே செய்ததுதான்.

செப்டம்பர் 12, வியாழன்

டூகல் இன்று ஒரு ஓரத்தைக் கருக்கினான். எல்லார் முன்னாலும் அவனை வாங்கு வாங்கென்று வாங்கினேன். சுவரைப் படிக்கத் தெரியாதா, கண் எதற்கு இருக்கிறது, இப்படி. பாவம், டேப் ஒட்டத்தான் மறந்திருந்தான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

செப்டம்பர் 26, வியாழன்

காலை எட்டுக்குக் கடிகாரத்தைக் கண்காட்சி மண்டபத்தில் கொடுத்தேன். மரத்தைக் கையால் நகர்த்தி வெட்டும் ரம்ப வேலை, பிரிவு பதினான்கு. மூன்று மணிக்கு நெவில் போன். "வெர்னா, சொல்றதக் கேளு, கோபப்படாத."

இப்படி ஆரம்பித்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

பெர்த்திலிருந்து வந்திருக்கும் நடுவர், திருமதி டிரெம்பாத், என் கடிகாரத்தைப் போட்டியிலிருந்து எடுத்து வைத்துவிட்டாராம். ஓரம் கருகியிருக்கிறது, இது லேசர் வேலை, ஷெட்டில் லேசர் இருக்கிறதே என்று. சீட்டில் எழுதியும் வைத்திருக்கிறார்: கைவேலை அல்ல.

கைவேலை இல்லையாம். நூத்தி எம்பத்தேழு ஓட்டை. ஒவ்வொண்ணுக்கும் பிளேடக் கழட்டி மாட்டினது இந்தக் கை. அவன்கிட்ட கேட்டேன், நீ சொல்லலையா, உனக்குத் தெரியாதான்னு. "நான் பொறுப்பாளர், வெர்னா, எந்தப் பக்கமும் பேசக்கூடாது. நீயே விளக்கம் குடு, நாளைக்கு மத்தியானம் வரை நேரம் இருக்கு," என்கிறான். லேசரை வாங்கினதும் அவன், பேசக்கூடாதவனும் அவன்.

கொஞ்சம் ஆறிய பிறகு எழுதுகிறேன். விளக்கம் என்ன என்று எனக்குத் தெரியும். ஒரே வரிதான். டேப் ஒட்டவில்லை, மொண்ணை பிளேடில் வெட்டினேன். அதைச் சொன்னால் பெயர் தேறும். ஆனால் அதை யார் முன்னால் சொல்ல வேண்டும்? நாளைக்கு ஷெட் ஆட்கள் எல்லாரும் மண்டபத்தில் மேஜை போட்டுக்கொண்டிருப்பார்கள். டூகல் இருப்பான்.

ஏமாற்றுக்காரி என்று அந்த அம்மா சொன்னதைக்கூட விழுங்கிவிடலாம் போலிருக்கிறது. தன் விதியைத் தானே மீறினவள் என்று டூகல் சிரிப்பதை — மாட்டேன்.

கடிகாரத்தைத் திரும்ப வாங்கி வந்துவிடலாம். யாருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

செப்டம்பர் 27, வெள்ளி, காலை

கிளாரியிடம் சொன்னேன், திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடப் போகிறேன் என்று. அவர் டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தார். பிறகு, "அன்னைக்கு ரொட்டி கருகல, இல்ல?" என்றார்.

இல்லை என்றேன்.

"எனக்குத் தெரியும். நாம அன்னைக்கு ரொட்டியே போடல."

ஒரு மாதமாகத் தெரிந்திருக்கிறது, வாயைத் திறக்கவில்லை. நான் வாங்கிவந்தால் அந்தச் சீட்டில் எழுதியது உண்மை என்றாகிவிடும் என்று மட்டும் சொன்னார். நான் அவர்மேல் எரிந்து விழுந்தேன். அவர் போய் சாமான் ஏற்றும் யூட் வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்தார்.

சரி. விளக்கம் கேட்கிறார்களா? காதால் கேட்க வேண்டாம், கண்ணால் பார்க்கட்டும். ரம்பத்தை ஏற்றியாயிற்று. ஜாரா துண்டு ஒன்று. அந்த மொண்ணை பிளேடு இன்னும் ஜாடியில் கிடக்கிறது. அப்போதாவது தூக்கி எறிந்தேனா, அதுவும் இல்லை. கஞ்சத்தனம்.

அதே நாள், மாலை

ரம்பத்தை மண்டபத்தின் நடுவில், ஜாம் பாட்டில்களுக்கும் கேக்குகளுக்கும் இடையில் வைத்து பிளக்கைச் செருகினேன். நெவில் ஓடி வந்தான், அனுமதி வேண்டும் என்றான். நான் விளக்கம் கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். ஷெட் ஆட்கள் மேஜையைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

திருமதி டிரெம்பாத் என் வயதுதான். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருக்கிறார். முகம் கல்.

பிளேடை மாட்டினேன், தட்டிப் பார்த்தேன். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "கீழ்ப் பலகைய நான் டேப் இல்லாம வெட்டினேன். பிளேடு மொண்ணை. ரெண்டும் தெரிஞ்சேதான் செஞ்சேன். அவசரம்."

டூகலைப் பார்க்கக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன்.

வேண்டுமென்றே மோசமாக வெட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று இன்றுதான் தெரிந்தது. கை ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறது. ஒரு கதிரின் வளைவில் தள்ளினேன், தேங்கினேன், புகை வந்தது. பிளேடு கீச்சென்றது. துண்டை எடுத்து அந்த அம்மாவிடம் கொடுத்தேன். அதே பழுப்பு. வளைவில் கருத்து, நேர்கோட்டில் வெளுத்து. லேசர் என்றால் எல்லா இடமும் ஒரே மாதிரி எரித்திருக்கும், மேல் பலகையையும் சேர்த்து. மேல் பலகையில் ஒரு பொட்டுக்கூட இல்லையே, அதைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

அவர் கடிகாரத்தையும் துண்டையும் ஜன்னலோரம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். திரும்பி வந்து சொன்னார்: "மேல் பலகைய நான் சரியாப் பாக்கல. தப்பு என்னோடது. ஆனா ஒண்ணு சொல்லணும், இவ்வளவு மோசமான பிளேட எந்த இயந்திரமும் வச்சிருக்காதுங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். டூகல் இல்லை. அவன் என் ரம்பத்தின் ஒயரைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தான்.

செப்டம்பர் 28, சனி

பிரிவு பதினான்கு. மூன்றாம் பரிசு. வெள்ளை ரிப்பன். கீழே நடுவரின் கையெழுத்தில்: ஐயமில்லாத கைவேலை. கிளிகள் அருமை. கோதுமை கருகியிருக்கிறது. டேப் ஒட்டவும், பிளேடு மாற்றவும்.

முதல் பரிசு மேல்பாதிக்கு மட்டும் கொடுக்க முடியாதாம். கேட்டுப் பார்த்தேன்.

அக்டோபர் 3, வியாழன்

ரிப்பனோடு வந்த நடுவர் சீட்டை ஷெட் சுவரில் என் விதிகளுக்குக் கீழேயே ஒட்டினேன். எவனாவது எடுத்துப் போட்டுச் சிரிப்பதற்கு முன்னால் நானே. கையிலிருந்த புது டேப்பால் நாலு மூலையிலும் அழுத்தி ஒட்டினேன். இனி பிய்த்தால் பெயிண்டோடு வரும்.

நெவில் பார்த்துவிட்டு, லேசருக்கும் இப்படி ஒரு விதிப்பட்டியல் எழுதித் தரச் சொன்னான். எழுதித் தந்தேன். ஒரே விதி: பிஸ்கட் தின்னப் போகாதே.

டூகலைப் பத்து நிமிடம் தேடி, ரம்பத்துக்குப் பின்னால் பிடித்தேன். செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி உன்னைத் திட்டினது தப்பு என்றேன். அவன் தலையைத் தூக்காமல், "எந்தத் தேதி? நீ எல்லா வியாழனும்தானே திட்டுற," என்றான். பிறகு நான் டீ போடப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால் அவன் வெட்டிக்கொண்டிருந்தான். மரத்தின்மேல் டேப், தள்ளவில்லை, மரம் தானாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு பிளேடும் உடையவில்லை. சுவரில் முதல் விதிக்குப் பக்கத்தில், தச்சர் பென்சிலால், கோணல் எழுத்தில் புதிதாக ஒரு வரி: 'வெர்னாவுக்கும் சேர்த்து.'

ரப்பர் என் சட்டைப்பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை.