கடிக்காத பாம்பின் பலன்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்க நலம். நீயும் அத்தானும் நலமா? பஸ் ஓட்டறதை விட்டுட்டு டிப்போ மேஜையில உட்கார ஆரம்பிச்ச பிறகு அத்தானுக்கு முதுகு வலி குறைஞ்சிருக்கும்னு நம்பறேன்.

ஒண்ணு கேட்கணும், சிரிக்காதே. பத்திரிகையில ஊருக்கெல்லாம் கனவுக்குப் பலன் எழுதற ஆளாச்சே நீ, சொந்தத் தங்கச்சிக்கும் ஒண்ணு சொல்லு. எனக்கு ஒரு பாம்பு வருது. இந்த ஒரு மாசத்துலயே நாலு தடவை, அதே கனவு. சாப்பாட்டு மேஜையில எனக்கு எதிர் நாற்காலியில சுருண்டு உட்கார்ந்திருக்கு. மண் நிறம், என் முழங்கைத் தடிமன். சீறல, படமெடுக்கல, கடிக்கல. நான் தட்டு வச்சுப் பரிமாறறேன். உப்பு சரியா இருக்கான்னு கேட்கிறேன். அது என்னைத் தாண்டி எனக்குப் பின்னாடி இருக்கிற சுவரைப் பார்க்குது. அவ்வளவுதான் கனவே. எழுந்தா தாடை விண்விண்ணுன்னு வலிக்குது, பல்லைக் கடிச்சிட்டே தூங்கறேன் போல.

கண்ணாடிக் கடையில வேலை சரியா ஓட மாட்டேங்குது. போன வாரம் ஒரு லென்ஸோட விளிம்பை அதிகமா தேய்ச்சுட்டேன், ஃபிரேமுக்குள்ள லொடலொடன்னு ஆடிச்சு. முதலாளி திட்டல, சும்மா பார்த்தார். யாராவது பேசாம பார்த்தாலே இப்பல்லாம் நான் அந்த இடத்தை விட்டு நகர்ந்துடறேன்.

உன் வீட்டு மாடி அறையில இருந்த டீச்சர் காலி பண்ணிட்டாங்களாமே? வேற யாருக்காவது பேசி வச்சிருக்கியா?

போன்ல இதெல்லாம் பேச முடியல, பொண்ணு காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிறா. பதிலைக் கடை விலாசத்துக்கே போடு.

உன் தங்கை


பிப்ரவரி 15

என் மிளகுக்கு,

பதில் தாமதம், கோவிச்சுக்காதே. உன் கடிதத்தைப் படிச்சுட்டு ஆபீஸ்லயே வாய்விட்டுச் சிரிச்சேன். நீயுமா? எனக்கு வாரம் முப்பது கடிதம் வந்தா இருபதுல பாம்புதான். நாற்பது வருஷ அனுபவமுள்ள கனவறிஞர்னு என்னைப் போடறாங்க, எனக்கு வயசே முப்பத்தெட்டு. ஒரே பலனை ரெண்டு தடவை எழுதிடக் கூடாதேன்னு நோட்டுல பிரிச்சு வச்சிருக்கேன். வெள்ளைன்னா பதவி உயர்வு, கறுப்புன்னா சொந்தத்துல பகை, பச்சைன்னா கல்யாணம். எல்லாம் என் கற்பனைதான், உனக்குத் தெரியாததா? மண் நிறம் இதுவரை யாருக்கும் வரல. உனக்காகவே புதுசா ஒண்ணு சொல்றேன், வாங்கிக்கோ. கடிக்காத பாம்பு வீட்டைக் காக்கிற பாம்பு. குடும்பத் தலைவருக்கு மேன்மை உண்டு. போதுமா?

மாப்பிள்ளைக்கு என் மரியாதையைச் சொல்லு. நம்ம ரெண்டு ஊருக்கும் நடுவுல இருக்கிற அந்த டிப்போவுக்கு அவர் மட்டும் மேலாளரா இல்லன்னா உன் அத்தானுக்கு அந்த டைம் கீப்பர் மேஜை கிடைச்சிருக்குமா? முன்னெல்லாம் படுக்கையிலிருந்து எழ நான் தூக்கி விடணும். இப்போ தானே குனிஞ்சு செருப்பு மாட்டிக்கிறார். அதைப் பார்க்கிறப்போ எனக்குக் கண்ணு கலங்குது.

நேரத்துக்குச் சாப்பிடு, வயிறு முட்டச் சாப்பிட்டுட்டுப் படுக்காதே. குட்டிக்கு என் முத்தம்.

அன்புடன் அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் கேட்டது ரெண்டு. நீ பாம்புக்கு மட்டும் பதில் எழுதியிருக்க. சரி, நானும் சுத்தி வளைச்சுத்தான் கேட்டேன். இப்போ நேராவே சொல்றேன்.

அவர் என்கிட்ட பேசி பதிமூணு மாசம் ஆச்சு. பதிமூணு மாசமா ஒரு வார்த்தை இல்ல, "ம்" கூட இல்ல. டிப்போ விழாவுல அவர் பேச்சை எழுதி வச்சுப் படிச்சாரே, அதுல ஒரே பக்கத்தை ரெண்டு தடவை படிச்சார். எல்லாரும் கம்முன்னு இருந்தாங்க, நான் மட்டும் சிரிச்சுட்டேன். அன்னைக்குச் சாத்தின வாய்தான். மன்னிப்புக் கேட்டேன், அழுதேன், சண்டை போட்டேன், நானும் பேசாம இருந்து பார்த்தேன். ஒண்ணும் நடக்கல. வேளாவேளைக்கு வந்து உட்கார்றார், சாப்பிடறார், சுவரைப் பார்க்கிறார். அக்கா, என் கனவுக்குக் கனவறிஞர் எல்லாம் வேண்டாம், பாம்பு யாருன்னு எனக்கே தெரியும்.

நான் தாங்கிக்குவேன், பழகிடுச்சு. குட்டியைத்தான் தாங்க முடியல. "அம்மாகிட்ட சட்டை எங்கேன்னு கேளு"ன்னு அவகிட்டதான் சொல்வார். நான் ஒரு எட்டு தள்ளித்தான் நிப்பேன். ஏழு வயசுக் குழந்தை அதை அப்படியே சொல்றதில்ல. "அம்மா, அப்பா உன்னைச் சாப்டியான்னு கேட்டார், அப்படியே சட்டை எங்கேன்னும் கேட்டார்" அப்படிங்கறா. நேத்து அவர்கிட்ட போய், "அப்பா, நீங்க அழகா இருக்கீங்கன்னு அம்மா சொல்லச் சொன்னா"ன்னு சொல்லியிருக்கா. நான் சொல்லவே இல்ல. பள்ளிக்கூடத்துல வாயே திறக்கிறதில்லையாம். டீச்சர் கூப்பிட்டு, உங்க பொண்ணுக்குக் காது கேக்குதான்னு கேட்டாங்க. அக்கா, என் குழந்தைக்குப் பொய் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு.

உன் மாடி அறையில நானும் அவளும் வந்து இருந்துக்கட்டுமா? எனக்குக் கையில தொழில் இருக்கு, உன் ஊர்லயும் கண்ணாடிக் கடை இருக்கும். உனக்குப் பாரமா இருக்க மாட்டேன். பள்ளி திறக்கறதுக்குள்ள வந்துட்டா அவளை அங்கேயே சேர்த்துடலாம். சரின்னு ஒரு வார்த்தை எழுது, அது போதும்.

உன் தங்கை


மார்ச் 16

என் மிளகுக்கு,

உன் கடிதத்தை மூணு தடவை படிச்சேன். மனசு கனத்துப் போச்சு. ஆனா நீயே நிதானமா யோசிச்சுப் பாரு. அடிக்கிறாரா? இல்ல. குடிக்கிறாரா? இல்ல. வேற பொம்பளை சகவாசம் உண்டா? அதுவும் இல்ல. பேசறதில்ல, அவ்வளவுதானே. எனக்கெல்லாம் உன் அத்தான் ஒரு நாள் பேசாம இருந்தா நிம்மதியாத் தூங்குவேன்! விளையாட்டுக்குச் சொல்றேன், முகத்தைத் தூக்கி வச்சுக்காதே.

ஆம்பளைங்க கோபம் ஒரு நாள் தானா இறங்கும். உன் வாய் கொஞ்சம் நீளம்னு சின்ன வயசுலேயே எல்லாரும் சொல்வாங்க, மிளகுன்னு பேர் வந்ததே அதனாலதான், அதையும் நினைச்சுப் பாரு.

மாடி அறையில இப்போ என் பழைய பத்திரிகை எல்லாம் அடுக்கியிருக்கு, நிக்கக்கூட இடமில்ல. கூரையும் ஒழுகுது. சுண்ணாம்பு அடிக்கணும். அப்புறம், உன்கிட்ட மறைக்க என்ன இருக்கு, நீ இங்க வந்துட்டா மாப்பிள்ளை அந்தக் கோபத்தை யார் மேல காட்டுவார்? அத்தானை மறுபடி ஸ்டியரிங் முன்னாடி உட்கார வச்சா அந்த முதுகு ஒரு மாசம் தாங்காது. இதெல்லாம் நான் யோசிக்க வேண்டியிருக்கு.

கொஞ்ச நாள் பொறு. நான் உனக்குக் கெட்டது நினைப்பேனா?

அன்புடன் அக்கா


ஏப்ரல் 6

அக்கா,

அவர் பேசிட்டார். சந்தோஷப்படு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிப்போவிலிருந்து உன் பத்திரிகையைச் சுருட்டி எடுத்துட்டு வந்தார். சாப்பாட்டு மேஜையில விரிச்சு, தொண்டையைக் கனைச்சு, விழாவுல படிச்ச மாதிரி கணீர்னு படிச்சார். "எதிர் நாற்காலியில் ஒரு பாம்பு. உப்பு சரியா என்று கேட்டால் சுவரைப் பார்க்கிறது. ஒரு வாசகி." அப்புறம் உன் பலன். "சகோதரி, பேசாத பாம்பு பொன்னான பாம்பு. குறை பரிமாறும் கையில் இருக்கிறது. உப்பைக் கூட்டுங்கள், வாயைக் குறையுங்கள். பொறுமை காத்தால் வீடு செழிக்கும்."

பதினாலு மாசத்துக்கு அப்புறம் என் புருஷன் வாயிலிருந்து எனக்கு வந்த முதல் வார்த்தை உன்னுடையது. படிச்சு முடிச்சுட்டு, "உங்க அக்காவுக்கே தெரிஞ்சிருக்கு"ன்னார். அவ்வளவுதான், பத்திரிகையை மடிச்சு வச்சுட்டுத் தட்டை இழுத்துக்கிட்டார்.

குட்டி கை தட்டினா, அக்கா. "அப்பா அம்மாகிட்ட பேசிட்டார்"னு வீடு முழுக்க ஓடினா. என் புடவையைப் பிடிச்சு இழுத்து, "இனிமே நான் சொல்ல வேண்டாமா?"ன்னு கேட்டா. மறுநாள் காலையில "அம்மாகிட்ட சாவியைக் கேளு"ன்னார் அவளைப் பார்த்து. அவ முகம் போன போக்கைப் பார்த்த பிறகு அந்த வீட்டுல எனக்கு ஒரு வேலையும் இல்ல.

குட்டியைக் கூட்டிக்கிட்டு, பையை எடுத்துட்டுக் கிளம்பிட்டேன். இப்போ நாங்க இருக்கிறது கடைக்கு மேல, லென்ஸ் பெட்டி அடுக்கி வைக்கிற அறை. முதலாளிகிட்ட ரெண்டு வாக்கியம்தான் சொன்னேன். ஒரே மத்தியானத்துல பெட்டியெல்லாம் மாடிப்படிக்கு அடியில போயிடுச்சு. அவர் எனக்குச் சொந்தமும் இல்ல, பந்தமும் இல்ல.

ஏன் அக்கா? உன்கிட்ட வர்ற இருபது பாம்புல என் பாம்புதான் கிடைச்சுதா?

தங்கை


ஏப்ரல் 15

என் தங்கமே, என் மிளகே,

என்னை மன்னிச்சுடு. அந்த வாரம் பக்கத்துல பன்னிரண்டு வரி குறைஞ்சுது, அச்சுக்குப் போக ஒரு மணி நேரம்தான் இருந்துச்சு. ஊரை மாத்தினேன், வயசை மாத்தினேன், யாருக்குத் தெரியப் போகுதுன்னு நினைச்சுட்டேன். பலன் எழுதறப்போ உன் நினைப்பே எனக்கு இல்ல, நிஜமாச் சொல்றேன், வழக்கம்போல வேடிக்கையா எழுதினேன். பத்திரிகை வந்த பிறகு உன் அத்தான்கிட்ட சொன்னேன். அவர் டிப்போவுல ஒரே ஒருத்தர்கிட்ட, யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொல்லித்தான் சொல்லியிருக்கார்.

இப்போ நிலைமை கைமீறிப் போச்சு. மாப்பிள்ளை நடந்து போனா டிரைவருங்க பின்னாலிருந்து "உஸ்ஸ்"னு சத்தம் விடறாங்களாம். நீயும் வீட்டை விட்டுப் போனது தெரிஞ்சுடுச்சு. திங்கட்கிழமை அத்தானைத் தொலைதூர பஸ்ல போட்டுட்டார். ஒன்பது மணி நேர ஓட்டம். ரெண்டு பேர் பிடிச்சு இறக்கினாங்க. நேத்திலிருந்து கட்டில்ல கவுந்து கிடக்கிறார், மூச்சு விட்டாக்கூட முனகறார்.

மாப்பிள்ளையைப் போய்ப் பார்த்தேன். நீ திரும்பி வரணுமாம். வரமாட்டேன்னா, அந்தக் கனவே பொய், அவர் மேல இருந்த பொறாமையில நீயா இட்டுக்கட்டினதுன்னு உன் கைப்பட எழுதித் தரணுமாம். டிப்போ நோட்டீஸ் போர்டுல ஒட்டுவாராம். என்னைக் கேட்டா நீ திரும்பிப் போறதுதான் நல்லது. மனசு இல்லன்னா அந்த ஒரு கடுதாசியையாவது கொடுத்துடு. உனக்குச் சிரமம் வேண்டாம்னு நானே எழுதி இத்தோட வச்சிருக்கேன். அதைப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டா போதும்.

மாடி அறையைப் பத்தி இதெல்லாம் ஓய்ஞ்ச பிறகு பேசுவோம். இன்னும் பாம்பு வருதா? அதையும் எழுது.

உன்னையே நம்பியிருக்கும் அக்கா


ஏப்ரல் 28

அக்கா,

நீ எழுதி அனுப்பினதை அப்படியே பார்த்து எழுதிட்டேன். நல்லா எழுதியிருக்க, ஒரு வரிகூட மாத்த வேண்டியிருக்கல. "பொறாமையால் புத்தி பேதலித்து" அப்படின்னு ஒரு இடம் வருதே, அதையும் விடல.

குட்டி பக்கத்துல உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படிச்சா. இப்போ நல்லாப் படிக்கிறா, வகுப்புலயும் கை தூக்கறாளாம். "அம்மா, நீ பொய் சொன்னியா?"ன்னு கேட்டா. இல்லைன்னு சொன்னா பெரியம்மா எழுதினது பொய்யாயிடும். அதை அவ டிப்போவுல இருக்கிற அப்பாகிட்ட போய்ச் சொன்னா பெரியப்பா மறுபடி பஸ் ஓட்டணும். அதனால ஆமான்னு சொன்னேன். கடுதாசியை மடிச்சு என் கையில கொடுத்தா. அப்புறம், "பரவாயில்லம்மா, நானும் சொல்வேன்"னா.

போன புதன்கிழமை போர்டுல ஒட்டியாச்சாம். அத்தான் மேஜைக்குத் திரும்பிடலாம்னு ஆள் வந்து சொல்லிட்டுப் போனார். அத்தானுக்காகத்தான் செஞ்சேன், அவர் முதுகு என்ன பாவம் பண்ணுச்சு. உனக்காக எதுவும் செய்யல. உனக்குத் தங்கச்சியா நான் செய்ய வேண்டியது இதோட முடிஞ்சுது.

மாடி அறையைப் பத்திப் பேச வேண்டாம். எனக்கு எழுதவும் வேண்டாம். உன் கையெழுத்துல எது வந்தாலும் திருப்பி அனுப்பச் சொல்லி முதலாளிகிட்ட சொல்லி வச்சிருக்கேன்.

பாம்பு வருதான்னு கேட்டிருக்க. அதை உன்கிட்ட சொல்ல மாட்டேன்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்லவும்.