எங்கள் கடை எண்ணெய் கர்நாடகக் கணக்கில் ஏறியது குறித்து

அனுப்புநர்:
பூவம்மாள், க/பெ. மாரிசாமி,
பஜ்ஜி, போண்டா கடை,
சோதனைச் சாவடி அருகில்,
ஜூஜூவாடி, ஓசூர்.

பெறுநர்:
உயர்திரு நியமன அலுவலர் அவர்கள்,
உணவுப் பாதுகாப்புத் துறை, கிருஷ்ணகிரி.

பொருள்: பழைய எண்ணெயையே மறுபடி காய்ச்சுவதாக என் கடை மீது வந்த அறிக்கை தவறு – உரிமத்தை நிறுத்தாமல் நேரில் வந்து பார்க்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கம்பெனி பஸ்கள் நிற்கும் இடத்தில் பஜ்ஜிக் கடை போட்டுப் பிழைக்கிறேன். சுட்டு மிஞ்சும் பழைய எண்ணெயைக் கேனில் ஊற்றிவைத்து, விமான எரிபொருள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்துவருகிறேன். அவர்கள் சார்பில் நிர்மலா என்பவர் லோடு ஆட்டோவில் வந்து எடுத்துப் போவார். எந்தச் சட்டி எண்ணெயில் விமானம் பறக்கிறது என்று விமானக்காரர்கள் உலகத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டுமாம். அதனால் எடுக்கும்போதே கைப்பேசிச் செயலியில் கடைப் பெயரைப் பதிய வேண்டும்.

2. வம்பு அங்கேதான் தொடங்கியது. என் கடைக்குள் நின்றால் எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்து அத்திப்பள்ளியின் செல்போன் டவர்தான் கிடைக்கும். செயலி அதைப் பிடித்துக்கொண்டு, கர்நாடகக் கடைகளை மட்டுமே காட்டும். "அக்கா, உங்க கடை பேரே வர மாட்டேங்குது. அத்திப்பள்ளி பேக்கரி பேருல போட்டுடறேன். எண்ணெய் போய்ச் சேந்தா சரிதான?" என்றார் நிர்மலா. வீடு இந்தப் பக்கம், வேலை அந்தப் பக்கம் என்று வாழ்கிற எல்லை ஊர்க்காரர்களான எங்களுக்கு இது பெரிதாகத் தோன்றவில்லை. நானும் தலையாட்டினேன்.

3. விளைவைக் கேளுங்கள் ஐயா. எண்ணெய்ச் சட்டியே அடுப்பில் ஏற்றாத அந்த பேக்கரிக்கு, பூமியைக் காத்ததற்காக விமானப் படம் போட்ட சான்றிதழ் வந்து கல்லாவுக்கு மேல் தொங்குகிறது. என் பெயரில் பதிவே இல்லாததால், நான் ஒரு சொட்டும் தராமல் பழையதையே காய்ச்சுவதாக அந்நிறுவனம் தங்களுக்கு எழுதிவிட்டது. உரிமத்தை ஏன் நிறுத்தக்கூடாது என்று விளக்கம் கேட்டு எனக்குக் கடிதம் வந்திருக்கிறது.

4. இது எப்படியோ கம்பெனி ஆட்களின் வாட்ஸ்அப்புக்கும் போய்விட்டது. ஷிப்ட் விட்டதும் ஓடி வருகிறவர்கள் இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். ஒருவர் சட்டியை எட்டிப் பார்த்து, "ஏம்மா, இது போன வருஷத்து எண்ணெயா?" என்றார். வயிறு எரிகிறது ஐயா! என் பிள்ளைகளும் இதே சட்டியில் சுட்டதைத்தான் தின்கிறார்கள். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. எந்த ஜீப் வந்தாலும் கடையை மூடத்தானோ என்று பதறுகிறேன்.

5. நிறுவனத்துக்குப் போன் செய்தால், பழைய பதிவைத் திருத்தினால் விமானக் கணக்கே கெட்டுவிடும் என்கிறார்கள். விமானக் கணக்கு கெடக்கூடாதாம், என் பெயர் மட்டும் கெடலாமாம்! நடந்ததை நிர்மலா எழுதிக் கையெழுத்திட்டுத் தந்திருக்கிறார், இணைத்துள்ளேன்.

ஆகவே, உத்தரவு போடும் முன் ஒரு மாலை தாங்களே என் கடைக்கு வர வேண்டுகிறேன். சட்டியைப் பாருங்கள், எண்ணெயைச் சோதனைக்கு எடுத்துச் செல்லுங்கள். அப்படியே அடுப்பருகில் நின்று தங்கள் கைப்பேசியில் அந்தச் செயலியைத் திறந்து பாருங்கள். தாங்கள் கர்நாடகத்தில் நிற்பதாகவே அது சொல்லும். அதை நம்பி, இது என் மாவட்டம் இல்லை என்று தாங்கள் திரும்பிப் போகமாட்டீர்கள். என் விஷயத்திலும் அதை நம்ப வேண்டாம் ஐயா.

இடம்: ஜூஜூவாடி
நாள்: 17.02.2025

அடுப்பை அணைக்காமல் தங்கள் வரவை எதிர்பார்க்கும்,
பூவம்மாள்

இணைப்பு: நிர்மலாவின் கடிதம்